பல்லும் சொல்லும்

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது எம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அதனை முதியோர்க்கே உரியதெனப் பலரும் கருதுவர். ஆயின், இளஞ்சிறார் வாழ்விலும் பல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டென்பதைத் தமிழாசிரியராகிய நாம் சற்றுக் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டியபொழுது, இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதுவோமென அன்பர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நாம் எழுதப் புகுந்ததோ பிள்ளைகளின் பற்களைச் சீர்செய்வது பற்றி. இது எமக்குரிய பொருளன்றே எனச் சிலர் நினைக்கலாம். இறுதிவரை வாசிப்போர்க்கு, இதனை இம்மலரிலே எழுதுவதற்குக் காரணம் விளங்கும்.

நாம் இக்கல்லூரியிற் சிறுவராய்ப் பயின்ற காலத்தில் எமது மேல்முன்பற்கள் உதட்டைத் தாண்டி வெளியே நீண்டிருந்தன. அதனால் எமக்கு வாய்த்த பட்டப்பெயர் "திருவலை" என்பது. தேங்காய் துருவும் அக்கருவியைக் காணாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லையாதலின், பெயரின் பொருத்தத்தை எவர்க்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1990இல் மின்சாரம் நின்றுபோய், மருந்தும் மண்ணெண்ணெயும் அரிதான அந்நாளில், பல்லைச் சீராக்குவதென்பது எம் பெற்றோரின் நினைவிலும் எழாத காரியம். 1991ஆம் ஆண்டில் ஒருநாள் விமான இரைச்சல் கேட்டு எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடினோம். குழிவாயிலிற் கிடந்த பனங்குற்றியில் எம் முகம் மோதியது. முன்னே நீண்டிருந்த பல்லே முதலில் அடிபட்டது; அதன் ஒரு மூலை உடைந்தது. ஓரிரு ஆண்டுகளில் அப்பல் கறுத்தும் போயிற்று. அன்று தொடங்கிச் சிரிக்கும்போது இடக்கையால் வாயை மறைப்பது எமது வழக்கமாயிற்று. இன்றும் எம்மிடம் பயில்வோர் அக்கையை அறிவர். அதன் காரணத்தை அறியார்.

இவ்வாறு துன்புற்றவர் பிறர்க்கு அத்துன்பத்தைச் செய்யார் என்றே உலகம் எண்ணும். அஃது உண்மையன்று. கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து, கற்ற கல்லூரிக்கே ஆசிரியராய் வந்து சேர்ந்த சில ஆண்டுகளின் பின், 2007இல், ஒன்பதாந் தர மாணவர்க்கு எழுத்துக்களின் பிறப்பைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். ஒலிகள் பிறக்கும் இடங்களுள் பல்லையும் ஒன்றாகத் தொல்காப்பியர் கூறியிருத்தலை அன்பர்கள் அறிவர். தகரத்திற்கும் நகரத்திற்கும் நாநுனி மேற்பல்லின் அடியைச் சேர வேண்டும். வகரத்திற்கு மேற்பல் கீழுதட்டைப் பொருந்த வேண்டும். இந்த வகரத்தை விளக்கும்பொழுது, முன்வரிசையில் இருந்த மாணவனொருவனை எழுந்து நிற்கச் சொன்னோம். அவனுக்கு மேற்பற்கள் மிதந்திருந்தன. "இவனுக்கு வகரம் பிறப்பதற்கு முயற்சியே வேண்டியதில்லை, பல் எப்பொழுதும் உதட்டில்தான் இருக்கின்றது" என்று கூறினோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம், இடக்கையால் வாயை மறைத்துக்கொண்டு. அம்மாணவன் அதன்பின் எம் பாடத்தில் ஒருநாளேனும் கையுயர்த்தி விடை சொன்னதில்லை. அவன் படிப்பிற் சோர்ந்துவிட்டான் என்றே நாம் எண்ணிக்கொண்டோம்.

ஆண்டுகள் சென்றன. நான்காண்டுகளுக்கு முன் ஒரு மாலை, மூன்றாந் தரத்திற் படித்துவந்த எம் இளைய மகன் வீடு திரும்பிப் புத்தகப்பையை வைத்ததும் வையாததுமாக, "அப்பா, திருவலையெண்டால் என்ன?" என்று வினவினான். அவனுக்கு அப்பொழுது வயது எட்டு. பற்கள் தந்தையின் பற்கள். கல்லூரியின் மணியும் மண்டபமும் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பதுபோல, அப்பெயரும் முப்பதாண்டு கடந்து அங்கே எம் மைந்தனுக்காகக் காத்திருந்தது.

எம் இல்லாள் அன்றே முடிவு செய்துவிட்டார்: உடனே பல்லுக்குக் கம்பி கட்டுவிக்க வேண்டும். தொரன்ரோவில் வாழும் அவர் தமையனாரும் தொலைபேசியில் அதனையே வற்புறுத்தினார். அங்கே அவர் மகளுக்கு எட்டு வயதிலேயே கம்பி கட்டப்பட்டதென்றும், செலவைத் தாம் ஏற்பதாகவும், பிந்தினால் எலும்பு இறுகிவிடுமென்றும் அன்போடு கூறினார். ஆசிரியர் ஊதியத்தில் வாழும் எமக்கு அவ்வுதவி பெரிது. எமக்கும் எமது உடைந்த பல் நினைவிலிருந்தது. ஆகவே மறுத்துரைக்கக் காரணம் ஒன்றுமில்லை.

பாடசாலைக்கு வந்து சிறுவரின் பற்களைப் பார்வையிடும் பற்சிகிச்சையாளர் அம்மையாரிடம் முதலிற் சென்றோம். அவர் கடிதமெழுதி எம்மை அரசினர் வைத்தியசாலையொன்றின் பற்சீரமைப்பு நிபுணரிடம் அனுப்பினார். அந்நிபுணரும் ஒரு பெண்மணி. சிறுவனைக் கதிரையில் இருத்தி, சிறு அளவுகோலால் மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். 2 அல்லது 3 மில்லிமீற்றர் இருக்கவேண்டிய இடத்தில் 8 மில்லிமீற்றர் இருந்தது. கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார்; பற்களைக் கடிக்கச் சொல்லிப் பக்கவாட்டிற் பார்த்தார். பின் எம்மை நோக்கி, "இப்போது வந்தது நல்லது, சேர். ஆனால் இப்போது கம்பி வேண்டியதில்லை" என்றார்.

முன்னதாக வருவது நல்லதெனின், முன்னதாகக் கட்டுவது நல்லதன்றோ என்று வினவினோம். அவர் பொறுமையோடு விளக்கியதை எம் நடையிற் சுருக்கித் தருகின்றோம்.

பாற்பற்கள் 20, நிலைத்த பற்கள் 32. ஆறு வயதளவிற் பாற்பற்களின் பின்புறத்தே முதற் கடைவாய்ப்பல் முளைக்கின்றது. அதனைப் பாற்பல்லென மயங்கிப் பேணாது விடுவோர் பலர். அதுவோ ஆயுள் முழுவதற்கும் உரியது. அமெரிக்க வைத்தியரான எட்வேட் அங்கிள் 1899இல் பற்களின் கடியை வகைப்படுத்தியபொழுது, இப்பல்லையே அளவுகோலாகக் கொண்டார். அவர் வகுத்த வகைகள் இன்றளவும் வழக்கிலுள்ளன. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுவரை வாயிற் பாற்பல்லும் நிலைத்த பல்லும் கலந்து நிற்கும். அக்காலத்திற் பிள்ளையின் முகத்தைக் கண்டு பெற்றோர் அஞ்சுவதிற் பாதி வீண் அச்சம். மேல்முன்பற்கள் இரண்டின் நடுவே இடைவெளி தோன்றி, அவை விசிறிபோல் விலகி நிற்பது பலர்க்கும் இயல்பு. பதினொன்று, பன்னிரண்டு வயதில் வேட்டைப் பற்கள் இறங்கும்பொழுது அவ்விடைவெளி பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். இயற்கை தானே செய்யவிருக்கும் பணிக்குக் கம்பியை ஏவுதல் வேண்டியதன்று.

எனினும் சில குறைகள் காத்திருக்கலாகாதவை. மேற்றாடை ஒடுங்கி, கடிக்கும்போது கீழ்த்தாடை ஒருபுறம் சாய்ந்து விலகுமாயின், சிறுவயதிலேயே மேலண்ணத்தை விரித்தல் வேண்டும். அண்ணத்தின் நடுவிலுள்ள பொருத்து இளமையில் இறுகாது இருப்பதே அதற்கு வாய்ப்பு. தமையனார் கூறிய எலும்பு இறுகுதல் இங்கே மெய்யாகும். மேல்முன்பல் கீழ்ப்பல்லின் உட்புறம் மாறிக் கடித்து முரசைத் தேய்ப்பின், அதுவும் உடன் திருத்தத்தக்கது. நிலைத்த பற்கள் முளைத்த பின்னும் விரல் சூப்பும் பிள்ளைக்கு முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது திறந்து நிற்கும். அப்பழக்கத்தை அன்போடு நிறுத்துவித்தலே முதன் மருந்து. பாற் கடைவாய்ப்பல் சொத்தையாகிக் காலத்திற்கு முன் பிடுங்கப்பட்டால், பின்னின்ற ஆறு வயதுப் பல் முன்னே சரிந்து, வரவிருக்கும் பல்லின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும். ஆதலின் அவ்விடத்தைக் காக்கச் சிறு வளையம் இடுவர். பத்து வயதளவிலும் மேல்வேட்டைப் பல்லின் புடைப்பு முரசில் விரலுக்குத் தட்டுப்படாவிடின் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தல் நன்று. ஏழு வயதளவில் ஒருமுறை பற்சீரமைப்பு வைத்தியரிடம் காட்டுக என அமெரிக்கப் பற்சீரமைப்பாளர் சங்கம் கூறுவது இத்தகையவற்றைக் கண்டறிதற் பொருட்டே. எல்லோர்க்கும் ஏழு வயதிற் கம்பி கட்டுதற் பொருட்டன்று.

எம் மகனுக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை; மேற்பல் மிதத்தல் ஒன்றே. அதுபற்றியும் ஆராய்ச்சி நிகழ்ந்திருக்கின்றது. அமெரிக்காவில் வட கரோலினா, புளோரிடா பல்கலைக்கழகங்களிலும், பின்னர் பிரித்தானியாவிலும் இத்தகைய சிறுவரை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறினர்க்கு எட்டு, ஒன்பது வயதிலேயே சிகிச்சை தொடங்கிப் பதின்ம வயதில் மீண்டும் செய்தனர். மறு கூறினர்க்குப் பதின்ம வயதில் ஒருமுறை மட்டும் செய்தனர். முடிவில் இரு கூறினரின் பற்களும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தன. இவற்றையெல்லாம் தொகுத்து ஆராய்ந்த கொக்ரேன் மதிப்பாய்வு 2018இற் புதுப்பிக்கப்பட்டபோதும் அம்முடிவே நிலைத்தது. முன்னே தொடங்கியவர்க்கு இருமுறை சிகிச்சை, பலனோ ஒன்று. ஒரே ஒரு வேறுபாடு: முன்னே தொடங்கியவரிடையே முன்பல் அடிபட்டு உடைதல் குறைந்திருந்தது.

இதைக் கேட்டதும் எமது நா எம்மையறியாமலே எமது உடைந்த பல்லைத் தொட்டது. நிபுணர் அதனைக் கவனித்திருக்க வேண்டும். ஓடியாடும் பிள்ளைக்கு விளையாடும்பொழுது அணியத்தக்க பல்லுறை செய்து தரலாமென்றார். ஆறு மாதத்திற்கொருமுறை காட்டி, பதினொரு வயதளவில் வளர்ச்சி விரையும்போது சிகிச்சை தொடங்கினால் ஒரே முறையில் முடிக்கலாம் என்றார். பின்னர், "முன்னதாகத் தொடங்குவதற்கு இன்னுமொரு காரணம் இருக்கலாம்" என்று கூறிச் சிறுவன் பக்கம் திரும்பி, "தம்பி, பள்ளிக்கூடத்தில் உங்களை யாராவது பகிடி பண்ணுகிறார்களா?" என்று கேட்டார்.

மகன் விடை சொல்லவில்லை. எமது முகத்தைப் பார்த்தான்.

பிரித்தானிய ஆய்வில், முன்னதாகச் சிகிச்சை பெற்ற சிறுவர்க்குத் தம்மைப்பற்றிய எண்ணம் அப்போதைக்கு உயர்ந்ததென்றும், பிறர் கேலியால் நேரும் துன்பம் குறைந்ததென்றும் கண்டனராம். ஆகவே, பிள்ளை பெரிதும் மனம் நொந்திருந்தால் இப்போதே தொடங்கலாம். தீர்மானம் பெற்றோருடையது என்று நிபுணர் கூறி முடித்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு வினா எம்மைத் தொடர்ந்தது. பல்லுக்கு வேண்டாத கம்பியைச் சொல்லுக்காக ஏற்றுவதா? எட்டு வயதுக் குழந்தை இரவும் பகலும் வாயில் ஒன்றைச் சுமந்து, பின்னர் மறுபடியும் சுமக்க வேண்டியது, பல்லின் குற்றத்திற்காகவா, பள்ளியின் குற்றத்திற்காகவா? அப்பள்ளியில் ஆசிரியராயிருப்பவர் யார்? அப்பொழுதுதான் 2007இல் எழுப்பி நிறுத்திய அம்மாணவனின் முகம் எம் கண்முன் வந்து நின்றது. அவன் படிப்பிற் சோரவில்லை, வாயை மூடிக்கொண்டான். மூடச் செய்தவர் நாம்.

இல்லாளிடம் அன்றிரவு அனைத்தையும் கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். "நீங்கள் அவனுடைய பள்ளிக்கூடத்தைத் திருத்துங்கோ, நான் பல்லைப் பொறுக்கிறேன்" என்றார் பின்னர்.

திருத்துவதென்பது எளிதன்று. பட்டப்பெயர் இட்ட பிள்ளைகளைப் பிடித்துத் தண்டித்தால் அப்பெயர் இன்னும் உரமாய் வேரூன்றும் என்பதை ஆசிரியர் அறிவர். ஆகவே வகுப்பாசிரியையின் இசைவு பெற்று, மூன்றாந் தரத்தில் ஒரு தமிழ்ப் பாடவேளையைக் கேட்டு வாங்கினோம். திருவலை என்பது முப்பதாண்டின் முன் எமது பெயரென்று சொன்னோம். பதுங்குகுழியையும் பனங்குற்றியையும் சொன்னோம். வாயை மறைக்கும் கையை எடுத்து, கறுத்த பல்லைக் காட்டினோம். முப்பதாண்டில் முதன்முறையாக ஒரு வகுப்பின்முன் கையின்றிச் சிரித்தோம். பிள்ளைகளுள் சிலர் சிரித்தனர். பின்வரிசையிலிருந்த சிறுவனொருவன், "நொந்ததா சேர்?" என்று கேட்டான். "பல் ஒரு கிழமை நொந்தது, பெயர் இன்றும் நோகிறது" என்றோம். ஏனைய தரங்களுக்கும் ஒவ்வொன்றாய்ச் சென்றோம். பெயர் அறவே ஒழிந்துவிட்டதெனப் பெருமை பேசமாட்டோம். அதன்பின்னும் ஓரிருமுறை அது எம் செவியில் விழுந்தது. ஆயின், மகன் அப்பெயரின் பொருளை மறுபடியும் எம்மிடம் கேட்கவில்லை. வகுப்பிற் கையுயர்த்துவதையும் நிறுத்தவில்லை. ஆகவே காத்திருந்தோம்.

மகனுக்கு இப்பொழுது வயது பன்னிரண்டு. பதினொரு வயதில் மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள் கொண்ட கருவியை நிபுணர் அணிவித்தார். கீழ்த்தாடையை முன்னோக்கி நிறுத்தும் அக்கருவியை 1977இல் முதன்முதல் ஆக்கியவர் ஸ்கொட்லாந்து வைத்தியர் வில்லியம் கிளார்க். விழுந்து மேல்முன்பல் இடம்பெயர்ந்த ஒரு சிறுவனுக்காகவே அவர் அதனை ஆக்கினார் என்று பின்னர் அறிந்தபொழுது எமக்கு உள்ளம் நெகிழ்ந்தது. இதன்பின் சிலகாலம் கம்பியும் வேண்டியிருக்கும். மெல்லிய கம்பி எவ்வாறு பல்லை நகர்த்துகின்றதென வியப்போர்க்கு ஒன்று கூறுவோம்: பல் எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டதன்று, மெல்லிய நார்களாற் பிணிக்கப்பட்டிருப்பது. இடைவிடாத சிறு அழுத்தத்தால் ஒருபுறத்து எலும்பு கரைய, மறுபுறத்தில் எலும்பு வளர, பல் மெல்லெனப் பெயர்கின்றது. அழுத்தம் மிகின் வேருக்கே கேடு. கம்பியைக் கழற்றியபின் பல் பழைய இடத்தை நாடும். அதனைத் தடுக்கத் தாங்கு தட்டை ஒழுங்காக அணிதல் வேண்டும். மாணாக்கரைத் திருத்துவதிலும் இவ்விதிகளே செல்லுமென்பதை ஆசிரிய நண்பர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியர்க்கும் மாணவத் தலைவர்க்கும் பயன்படத்தக்க இன்னுமொன்று. விளையாட்டிடத்தில் நிலைத்த பல் வேரோடு கழன்று விழுந்தால், வேரைத் தொடாது, வெண்மையான மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, அழுக்கிருப்பின் மெல்லக் கழுவி, அக்குழியிலேயே திரும்ப வைத்துக் கைக்குட்டையைக் கடித்திருக்கச் செய்க. இயலாவிடிற் பாலில் இட்டு ஒரு மணி நேரத்துள் பல் வைத்தியரிடம் சேர்த்திடுக. பாற்பல்லாயின் திரும்ப வைத்தலாகாது. உடைந்த துண்டு கிடைத்தாலும் கொண்டுசெல்க; ஒட்டுதல் கூடும். இவ்வளவும் 1991இல் எவரும் எமக்குச் சொல்லித் தரவில்லை.

தட்டுகள் அணிந்த முதற் கிழமைகளில் மகனுக்குச் சகரமும் தகரமும் குழறின. அவ்வேளையில் வாணி விழா வந்தது. தேவாரம் பாட அவன் பெயர் முன்னரே குறிக்கப்பட்டிருந்தது. வேறொருவனைப் பாடச் சொல்லலாமோ என்று நாமே தயங்கினோம். அவன் பாடினான். இரண்டோரிடங்களிற் சொல் தடுமாறிற்று. மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எமது முப்பதாண்டுக் கல்லூரி வாழ்வில் நாம் கேட்ட தேவாரங்களுள் அதற்கு இணையில்லை எனின், தந்தையின் செவி என்று அன்பர்கள் பொறுத்தருள்வாராக.

இனி, இதனை ஏன் இம்மலரில் எழுதினோம் என்பதைச் சொல்லி முடிப்போம். 2007இல் எம்மால் எழுப்பி நிறுத்தப்பட்ட அம்மாணவன் இன்று முப்பது வயது கடந்த பழைய மாணவர். எந்நாட்டில் வாழ்கின்றாரோ, நாம் அறியோம். சங்கத்தார் இம்மலரைக் கடல் கடந்த அன்பர்க்கெல்லாம் அனுப்புவர் என்பதை அறிவோம். அவர் இதனை வாசிக்க நேருமாயின், அன்றைய வகரம் எம் நினைவில் உள்ளதென்பதை அறிவாராக. அவர் பல்லிற் குறை இருந்ததோ இல்லையோ, எம் சொல்லிற் குறை இருந்தது. அதற்காக அவரிடம் மன்னிப்பு வேண்டுகின்றோம். ஒரு வகுப்பின்முன் செய்த பிழைக்கு ஒரு கல்லூரியின்முன் மன்னிப்பு வேண்டுவதே முறையென எண்ணி இங்கே எழுதினோம்.

பெற்றோராயுள்ள பழைய மாணவ அன்பர்களே, உங்கள் பிள்ளைகளின் பற்களை ஏழு வயதளவில் ஒருமுறை காட்டுங்கள், கட்டுவதற்கு விரையாதீர்கள், காலம் கனியும்வரை பொறுக்கச் சொன்னால் பொறுங்கள். ஆசிரிய நண்பர்களே, அவர்கள் பொறுக்கும் அவ்வாண்டுகள் நம் கையில் உள்ளன. பல்லைக் கட்டும் வைத்தியர் தொலைவில் இருக்கலாம். சொல்லைக் கட்ட வேண்டியவர் நாமே. நமது கல்லூரி மேன்மேலும் ஓங்குக.